கடைக் கணக்கை நீங்களே எழுதலாம்: வரிக் கழிவுக்கு நான்கு ஷீட்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் சிறு தொழில் செய்பவர்கள். தையற்கடை, மளிகைக் கடை, மெஸ், ஜெராக்ஸ் கடை என்று ஏதாவது ஒன்று நடத்துவார்கள். அவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி, "இதில் என் கடைக் கணக்கை எழுத முடியுமா?" என்பதுதான். தாராளமாக எழுதலாம். தனியாக சாப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். தினமும் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில், வருமான வரிக்குக் காட்டக்கூடிய செலவுகள் எவை, அவற்றை எப்படிப் பதிவு செய்து வைப்பது என்று படிப்படியாகக் காண்போம். இங்கே நான் தரும் வரம்புகளும் விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி அமைந்தவை. 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்கு, 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. எனவே எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கணக்கு எழுதும் முறையைப் பிடித்துக் கொள்ளுங்கள்.

வரியே இல்லாதவருக்குக் கணக்கு எதற்கு?

2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள தனிநபருக்குத் தள்ளுபடி கிடைப்பதால் பொதுவாக வரி கட்ட வேண்டியதில்லை. "அப்படியானால் நான் ஏன் பில் சேர்த்து வைக்க வேண்டும்?" என்று தோன்றும். இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வருமானம் என்று சட்டம் சொல்வது உங்கள் லாபத்தை. வங்கிக்குத் தெரிவதோ உங்கள் கணக்குக்கு வந்த பணம் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் உள்ள செலவுகளை எடுத்துக் காட்ட வேண்டியவர் நீங்கள்.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. மூலம் வந்த தொகைகளைக் கணக்கிட்டுச் சிறு வியாபாரிகள் பலருக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் சில கடைகள் கியூ.ஆர். கோடு அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் கேட்கத் தொடங்கின. வந்த பணம் முழுவதும் விற்பனை அல்ல, உறவினர் அனுப்பியதும் கைமாற்றாக வாங்கியதும் அதில் கலந்திருக்கிறது என்று பலர் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு 20,000 ரூபாய் எதற்காக வந்தது என்பதை ஞாபகத்திலிருந்து சொன்னால் எந்த அதிகாரி ஏற்பார்? அன்றே எழுதி வைத்த ஒரு வரி இருந்தால் பேச்சு வேறு.

இன்னொன்று, வங்கிக் கடன். கடன் கேட்டுப் போனால் முதலில் கேட்பது வருமான வரி ரிட்டர்ன் நகலைத்தான். கணக்கு இல்லாதவருக்கு, நல்ல லாபம் வந்தாலும் அதைக் காட்ட வழி இல்லை.

எது செலவு, எது செலவு அல்ல?

தொழிலுக்காகவே முழுமையாகச் செய்த செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம் என்பதே அடிப்படை விதி. சரக்குக் கொள்முதல், வேலையாள் கூலி, கடை வாடகை, மின்கட்டணம், போன், இன்டர்நெட், பழுது பார்த்தல், விளம்பரம், கடைக்கு வாங்கிய கடனின் வட்டி, ஆடிட்டர் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும். பழைய வரி முறை, புதிய வரி முறை என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சாதாரணத் தொழில் செலவுகளைக் கழிக்கலாம். ஆயுள் காப்பீடு, பி.பி.எப். போன்ற சேமிப்புக்கான 80சி கழிவுதான் புதிய முறையில் கிடையாது. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்கிறார்கள்.

பணம் கையை விட்டுப் போனாலும் செலவில் சேராதவை:

1. வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது. கடை உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால் உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக் கழிக்கவும் முடியாது.

2. கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ். அது திரும்பி வரும் பணம். மாத வாடகை மட்டுமே செலவு.

3. கடன் தவணையில் அசல் பகுதி. தவணை 8,000 ரூபாய், அதில் வட்டி 1,900 என்றால் 1,900 மட்டுமே செலவு. எவ்வளவு வட்டி என்பதை வங்கி தரும் தவணைப் பட்டியலில் பார்க்கலாம்.

4. சட்டத்தை மீறியதற்காகக் கட்டிய அபராதம், வருமான வரி.

5. ஆண்டு முடிவில் விற்காமல் அலமாரியில் இருக்கும் சரக்கு. மார்ச் 31 அன்று கையிருப்பை எண்ணி, வாங்கிய விலையில் எழுதி வையுங்கள். அது அடுத்த ஆண்டுக்குப் போகும்.

ஒர்க்புக் தயாரிப்போம்

எக்ஸெல்லைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். கீழே உள்ள ஷீட் டேபில் டபுள் கிளிக் செய்தால் பெயரை மாற்றலாம். பிளஸ் குறியைக் கிளிக் செய்தால் புது ஷீட் கிடைக்கும். நான்கு ஷீட்களை உருவாக்கி "வரவு", "செலவு", "சொத்து", "சுருக்கம்" என்று பெயர் கொடுங்கள். தமிழிலேயே டைப் செய்யலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. பைலுக்கு "கடைக்கணக்கு 2025-26" என்பது போல நிதியாண்டுடன் பெயரிட்டு சேவ் செய்யுங்கள். நம் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆண்டுக்கு ஒரு பைல் போதும்.

அடுத்து ஒரு செட்டிங். விண்டோஸில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், நீங்கள் ஜூலை 5 என்று நினைத்து 5/7 என டைப் செய்வதை அது மே 7 என்று எடுத்துக் கொள்ளும். விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லேங்க்வேஜ் பிரிவுக்குச் சென்று, ரீஜனல் பார்மட் என்பதில் இங்கிலீஷ் (இந்தியா) என்று தேர்ந்தெடுங்கள். இன்றைய தேதி வேண்டும் என்றால் கன்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி கீயை அழுத்தினால் தானாக வந்துவிடும்.

செலவு ஷீட்

முதல் படுக்கை வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: வவுச்சர் எண், தேதி, யாருக்கு, எதற்கு, தலைப்பு, தொகை, ஜி.எஸ்.டி., செலுத்திய விதம், பில் உண்டா. பிறகு தலைப்புகளில் ஒன்றைக் கிளிக் செய்து கன்ட்ரோல் + டி அழுத்துங்கள். டயலாக் பாக்ஸ் தோன்றும். தலைப்பு உண்டு என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுங்கள். இப்போது இது ஒரு டேபிளாகிவிடும். புதிதாக எழுதும் வரிகள் தானாகச் சேரும். தலைப்புகளில் பில்டர் அம்புக்குறியும் வந்துவிடும்.

"தலைப்பு" என்ற நெட்டு வரிசைதான் முக்கியம். இன்று "கரண்ட்", நாளை "ஈ.பி.", மறுநாள் "மின்கட்டணம்" என்று மாற்றி மாற்றி எழுதினால் கம்ப்யூட்டர் அவற்றை மூன்று வேறு செலவுகளாக எடுத்துக் கொள்ளும். இதைத் தடுக்க ஒரு பட்டியல் கொடுத்துவிடலாம். அந்த நெட்டு வரிசையின் செல்களைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்று தேர்ந்தெடுத்து, சோர்ஸ் கட்டத்தில் கொள்முதல், கூலி, வாடகை, மின்கட்டணம், போன், பழுது, வட்டி, இதர செலவு, சொந்தச் செலவு, அசல் என்று கமா போட்டு டைப் செய்யுங்கள். கால்க்கில் இதே வசதி டேட்டா மெனுவில் வேலிடிட்டி என்ற பெயரில் இருக்கிறது. அங்கே லிஸ்ட் என்று தேர்ந்தெடுத்து, வரிக்கு ஒன்றாக டைப் செய்ய வேண்டும். "செலுத்திய விதம்" நெட்டு வரிசைக்கும் ரொக்கம், யு.பி.ஐ., வங்கி, காசோலை என்று இதேபோல் ஒரு பட்டியல் கொடுங்கள்.

சொந்தச் செலவும் அசலும் கழிவில் சேராது என்றேன். பின் ஏன் பட்டியலில்? கையை விட்டுப் போன ஒவ்வொரு ரூபாயும் ஷீட்டில் இருந்தால்தான் மாதக் கடைசியில் கல்லாவும் வங்கிக் கணக்கும் ஒத்துப் போகும். எழுதும்போது எல்லாவற்றையும் எழுதுங்கள். கழிக்கும்போது பிரித்துக் கொள்ளலாம்.

தொகை நெட்டு வரிசையில் எண் மட்டுமே இருக்கட்டும். "ரூ.500" என்றோ "500/-" என்றோ டைப் செய்தால் எக்ஸெல் அதை எழுத்தாக எடுத்துக் கொண்டு கூட்டாமல் விட்டுவிடும். எண் செல்லின் வலது ஓரத்தில் நிற்கும். எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ரொக்கத்தில் ஒரு எல்லைக்கோடு

செலுத்திய விதத்தைத் தனியாக எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு செலவுக்காக ஒரே நபருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவைக் கழிக்க முடியாது. சரக்குக் கொள்முதலுக்கும் இது பொருந்தும். துணிக் கடைக்காரரிடம் 15,000 ரூபாய் பில்லுக்குக் காலையில் 8,000, மாலையில் 7,000 என்று ரொக்கம் கொடுத்தால், 10,000-க்கு மேற்பட்ட 5,000 மட்டும் போகாது. 15,000 முழுவதும் கழிவிலிருந்து போய்விடும். யு.பி.ஐ., வங்கிப் பரிமாற்றம், டெபிட் கார்டு, அக்கவுன்ட் பேயீ காசோலை ஆகியவற்றில் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. லாரி வாடகைக்கு இந்த வரம்பு 35,000 ரூபாய். விவசாயியிடமே நேரடியாக வாங்கும் விளைபொருளுக்கு விலக்கு உண்டு. மெஸ் நடத்துபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கூலி கொடுக்கும்போது பில் கிடைக்காது. அதற்கு வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெயர், தேதி, என்ன வேலை, எவ்வளவு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

வரவு ஷீட்

இங்கே தலைப்புகள் குறைவு: தேதி, யாரிடமிருந்து, எதற்கு, வகை, தொகை, வந்த விதம். "வகை" என்பதற்கு விற்பனை, கடன், கைமாற்று திரும்பியது, சீட்டுப் பணம், குடும்பப் பணம் என்று பட்டியல் கொடுங்கள். தினசரி ரொக்க விற்பனையை இரவில் கல்லாவை எண்ணி ஒரே வரியாக எழுதலாம். யு.பி.ஐ. விற்பனையை அன்றைய மொத்தமாக இன்னொரு வரியில் எழுதுங்கள். விற்பனை அல்லாத எந்த வரவையும் தனி வரியாகவே எழுத வேண்டும்.

இதைவிடச் சுலபமான வழி, கடைக்கு என்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, கியூ.ஆர். அட்டையை அதனுடன் இணைப்பது. தம்பி அனுப்பும் பணமும் சீட்டுப் பணமும் உங்கள் சொந்தக் கணக்குக்கே போகட்டும்.

பில்லுக்கு ஒரு போட்டோ

கடைகளில் மெஷினிலிருந்து வரும் வழுவழுப்பான பில்கள் சில மாதங்களில் வெளுத்துப் போகும். வெள்ளைத் தாளை வைத்துக் கொண்டு செலவைக் கழிக்க முடியாது. பில் கைக்கு வந்த அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் "பில் 2025-26" என்று ஒரு போல்டர் திறந்து, அதற்குள் மாதத்துக்கு ஒரு போல்டர் வையுங்கள். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுத்து, வவுச்சர் எண்ணையே பெயராக வையுங்கள். ஷீட்டில் 047 என்று இருந்தால் படத்தின் பெயரும் 047. அசல் பில்லின் மூலையிலும் பேனாவால் 047 என்று எழுதிக் கோப்பில் போடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே எண் இருந்தால் எதைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள், பில்லில் தங்கள் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுபவர்கள் அந்த வரித் தொகையைச் செலவாகவும் காட்டக் கூடாது. அதற்காகத்தான் ஜி.எஸ்.டி.க்குத் தனி நெட்டு வரிசை.

சொத்து ஷீட்: உங்கள் கம்ப்யூட்டரே இங்கு வரும்

தையல் மெஷின், மேசை, கம்ப்யூட்டர் போன்றவை பல ஆண்டுகள் உழைப்பவை. இவற்றின் விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம், பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், மேசை நாற்காலிகளுக்கு 10 சதவீதம்.

50,000 ரூபாய்க்கு ஜூன் மாதம் கம்ப்யூட்டர் வாங்கினீர்கள் என்று வைத்துக் கொள்வோம். முதல் ஆண்டுத் தேய்மானம் 20,000. மீதி 30,000. அடுத்த ஆண்டு அந்த 30,000-இல் 40 சதவீதமான 12,000 கழியும். இதையே டிசம்பரில் வாங்கியிருந்தால், அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியதால் முதல் ஆண்டில் பாதிதான், அதாவது 10,000 மட்டுமே. ஆகவே பில் தேதியும் பயன்படுத்தத் தொடங்கிய தேதியும் முக்கியம்.

அதே கம்ப்யூட்டரில் உங்கள் பிள்ளை பாடம் படிக்கிறான் என்றால், தொழிலுக்குப் பயன்படும் பங்குக்கு மட்டுமே தேய்மானம் உண்டு. 60 சதவீதம் தொழிலுக்கு என்றால் 20,000-இல் 12,000. வீட்டிலேயே தொழில் செய்பவர்களின் இன்டர்நெட், மின்கட்டணத்துக்கும் இதே நியாயமான பங்கு முறைதான். எந்தக் கணக்கில் அந்தப் பங்கை வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

சொத்து வாங்கும்போதும் ரொக்க வரம்பு 10,000 ரூபாய்தான். 28,000 ரூபாய் தையல் மெஷினுக்கு முழுவதும் ஒரே நாளில் ரொக்கம் கொடுத்தால், அந்தத் தொகை சொத்தின் விலையில் சேராது; தேய்மானமும் கிடைக்காது.

சுருக்கம் ஷீட்: பிவட் டேபிள்

பெயர்தான் பெரிது, வேலை சுலபம். செலவு ஷீட்டில் ஏதாவது ஒரு செல்லைக் கிளிக் செய்து, இன்செர்ட் டேபில் பிவட் டேபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எங்கே வேண்டும் என்று கேட்கும். எக்ஸிஸ்டிங் ஒர்க்ஷீட் என்று தேர்ந்தெடுத்து, சுருக்கம் ஷீட்டில் ஒரு செல்லைக் காட்டி ஓகே கொடுங்கள். வலப்புறம் உங்கள் தலைப்புகள் தோன்றும். "தலைப்பு" என்பதை ரோஸ் கட்டத்துக்கும், "தொகை" என்பதை வேல்யூஸ் கட்டத்துக்கும் மவுஸால் இழுத்து விடுங்கள். அவ்வளவுதான், செலவு வாரியாக மொத்தம் வந்துவிடும். தொகைக்குப் பதில் எண்ணிக்கை வந்தால், ரைட் கிளிக் செய்து சம்மரைஸ் வேல்யூஸ் பை என்பதில் சம் என்று மாற்றுங்கள். புது வரிகள் எழுதிய பிறகு ரைட் கிளிக் செய்து ரெப்ரெஷ் கொடுக்க மறக்க வேண்டாம். கால்க்கில் டேட்டா மெனுவில் பிவட் டேபிள் இருக்கிறது.

ஒரு தையற்கடையின் மாதக் கணக்கை எடுத்துக்காட்டாகப் பாருங்கள். கொள்முதல் 62,000, கூலி 24,000, வாடகை 9,000, மின்கட்டணம் 1,850, பழுது 1,200, போன் 950, வட்டி 1,900. மொத்தச் செலவு 1,00,900. அந்த மாதம் வந்த பணம் 2,08,000. ஆனால் அதில் 50,000 சீட்டுப் பணம், 20,000 திரும்பி வந்த கைமாற்று. விற்பனை 1,38,000 மட்டுமே. தேய்மானத்துக்கும் கையிருப்பு மாற்றத்துக்கும் முன் லாபம் 37,100. வந்த பணம் 2,08,000 எங்கே, லாபம் 37,100 எங்கே! இந்த வித்தியாசத்தை விளக்கும் வரிகள்தான் உங்கள் கணக்கு.

மாதக் கடைசியில் மூன்று சோதனைகள்

முதலாவது, நெட் பேங்கிங்கில் மாத ஸ்டேட்மென்டை எக்ஸெல் பைலாக டவுன்லோட் செய்து, உங்கள் ஷீட்டுடன் வரி வரியாக ஒப்பிடுங்கள். இரண்டாவது, செலவு ஷீட்டில் "செலுத்திய விதம்" பில்டரில் ரொக்கம் மட்டும் தேர்ந்தெடுத்து, தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே நாளில் ஒரே பெயருக்கு 10,000-க்கு மேல் போயிருந்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, "பில் உண்டா" பில்டரில் இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த மாத பில்லின் நகலை இந்த மாதமே கேட்டால் கடைக்காரர் தருவார்.

ஆண்டு முடிவில் வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையை, அதாவது ஏ.ஐ.எஸ்.ஸை, எடுத்துப் பாருங்கள். உங்களைப் பற்றித் துறைக்கு வந்த தகவல்கள் அதில் இருக்கும். ரிட்டர்ன் போடும் முன் அதையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

"8 சதவீதம் காட்டினால் போதுமே?"

ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய் வரை உள்ள சிறு வியாபாரிகள், செலவுக் கணக்கு காட்டாமல் விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் வசதி 44ஏடி பிரிவில் உண்டு. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 3 கோடி. ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி அல்லது யு.பி.ஐ. வழியாக வந்ததற்கு 6 சதவீதம். 16 லட்சம் விற்பனையில் 10 லட்சம் யு.பி.ஐ., 6 லட்சம் ரொக்கம் என்றால் 60,000 + 48,000 = 1,08,000 ரூபாய். இது குறைந்தபட்சம்தான். உண்மையில் அதிகம் சம்பாதித்திருந்தால் அதையே காட்ட வேண்டும். கமிஷன் தொழிலுக்கு இந்த வசதி கிடையாது.

இந்த வழியில் போனால் வாடகை, தேய்மானம் என்று மறுபடி எதையும் கழிக்க முடியாது. ரொக்கம் எவ்வளவு, யு.பி.ஐ. எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வரவு ஷீட் எப்படியும் வேண்டும். ஒரு ஆண்டு இதில் சேர்ந்துவிட்டு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் இதைவிடக் குறைந்த லாபம் காட்டினால் அதன்பின் ஐந்து ஆண்டுகள் இந்த வசதி கிடைக்காது. வரிவிலக்கு வரம்பைத் தாண்டிய வருமானம் இருந்தால் தணிக்கையும் வேண்டியிருக்கும். உங்களுக்கு எது ஏற்றது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நான்கு ஷீட்டோடு போனால் அவரும் உடனே சொல்லிவிடுவார்.

பத்திரமாக வையுங்கள்

கணக்கு ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை ஒர்க்புக்கையும் பில் போல்டரையும் பென் டிரைவில் காப்பி செய்து, அதைக் கடையில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். கூகுள் டிரைவிலும் ஒரு பிரதி இருக்கட்டும். எக்ஸெல்லில் பைல், இன்போ, புரொடக்ட் ஒர்க்புக் என்று சென்று பாஸ்வேர்டு கொடுக்கலாம். அந்த பாஸ்வேர்டை மறந்தால் பைலைத் திறக்க முடியாது என்பதால் வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கை வைத்திருக்க வேண்டும். பொதுவாக எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். சொத்து வாங்கிய பில்களை அந்தச் சொத்து இருக்கும்வரை வைத்திருங்கள்.

ஏப்ரல் பிறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று இரவு கல்லாவை எண்ணியதும் நான்கு ஷீட்டையும் திறந்து, இன்றைய விற்பனையை முதல் வரியாக எழுதுங்கள். ஒரு மாதம் விடாமல் எழுதிய பிறகு பிவட் டேபிளைப் பாருங்கள். பணம் எங்கே போகிறது என்பது வரித் துறைக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.